கண்சிமிட்டிய விளக்கு

யூபிலி மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது எதனை எழுதுவதென்று பலநாள் மயங்கினோம். கல்லூரியின் பெருமையை எழுத எம்மினும் வல்லார் பலர் உளர். ஆதலின், நாம் பட்டறிந்த ஒரு பாடத்தையே ஈண்டு எழுதத் துணிந்தோம். அப்பாடத்தை எமக்குக் கற்பித்தது ஒரு பழைய மோட்டார் வண்டியின் சிறு விளக்கு.

எம் தந்தையார் 1961ஆம் ஆண்டில் வாங்கிய மொறிஸ் மைனர் 1000 வண்டி இன்றும் எமது இல்லத்து முற்றத்தில் நிற்கின்றது. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வகுத்து, 1948இல் இலண்டன் கண்காட்சியில் முதன்முதல் வெளிவந்த இனம் அது. அதன் வேகமானியின் முகத்தில் ஒரு விளக்குண்டு. திறப்பைத் திருப்பியதும் எரியும். எஞ்சின் இயங்கத் தொடங்கியதும் அணையும். எஞ்சினுள் எண்ணெய் அமுக்கம் குன்றினால் மீண்டும் எரியும்.

அதன் தத்துவம் எளியது. எஞ்சினின் கிராங்க் தண்டு மூன்று பெயாரிங்குகளில் சுழல்கின்றது. தண்டும் பெயாரிங்கும் ஒன்றையொன்று தொடுதல் ஆகாது. அவற்றிடையே மெல்லிய எண்ணெய்ப் படலம் இருத்தல் வேண்டும். அதனைப் பம்பியொன்று அமுக்கத்துடன் ஊட்டுகின்றது. நலமுள்ள எஞ்சின் சூடேறி ஓடும்போது அவ்வமுக்கம் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 60 றாத்தலாகவும், நின்று மெல்ல இயங்கும்போது 15 றாத்தலுக்குக் குறையாமலும் இருக்கும். எஞ்சினின் பக்கத்தில் பொருத்திய ஆளியொன்று, அமுக்கம் இதனிலும் மிகத் தாழ்ந்த பின்னரே மின்சுற்றை மூடி விளக்கை எரிக்கும். ஆகவே விளக்கு எரியாமை நலத்துக்குச் சான்றன்று. எரிதலோ காலந்தாழ்த்தி வரும் எச்சரிக்கை.

இவற்றையெல்லாம் 1993ஆம் ஆண்டிலும் நாம் அறிந்தேயிருந்தோம். விஞ்ஞான ஆசிரியராய் மாணவருக்கு அமுக்கத்தைக் கற்பித்தவரும் நாமே. அறிந்தும் தவறினோம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அக்காலத்தில் யாழ்ப்பாணத்திற் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிருந்ததை எம் தலைமுறையினர் மறவார். காபுரேற்றரில் சிறிது பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய நாட்கள் அவை. ஒருநாள் சந்தியில் வண்டியை நிறுத்தியபோது விளக்கு கண்சிமிட்டியது. வேகம் கூடியதும் அணைந்தது. மறுநாளும் அவ்வாறே. வீடு வந்து எண்ணெய் அளவுகோலை இழுத்துப் பார்த்தோம். எண்ணெய் குறையவில்லை, மேற்கோட்டுக்குச் சற்று மேலாகவே நின்றது. உள்ளம் மகிழ்ந்தோம். "எண்ணெய் நிறைய இருக்கின்றது, ஆளிதான் பழுது" என்று தீர்ப்புக் கூறினோம். புதிய ஆளி கிடைக்கவில்லை. கண்சிமிட்டலைக் காணச் சகியாது, ஆளியில் மாட்டிய மின்கம்பியைக் கழற்றிவிட்டோம். விளக்கு அடங்கியது, எமது மனமும் அடங்கியது.

மூன்று கிழமை கழிந்தது. ஓரிரவு அயல்வீட்டுத் தங்கைக்கு முதற்பிள்ளைப் பேற்று வேதனை கண்டது. அவரையும் அவர் தாயாரையும் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்டோம். நாலாங் கட்டையடியில் எஞ்சினின் அடியிலிருந்து சுத்தியலால் அடித்தாற்போன்ற ஓசை எழுந்தது. சிறிது தூரம் சென்றதும் எஞ்சின் இறுகி நின்றது. மின்வெளிச்சமற்ற நெடுந்தெரு, பின்னிருக்கையில் அவர் முனகல், தாயாரின் "பிள்ளையாரே" என்னும் குரல். நாம் வாயடைத்து நின்றோம். நல்வினைப் பயனால் அவ்வழியே உழவு இயந்திரமொன்று வந்தது. அதன் பெட்டியில் வைக்கோல் பரப்பி அவரைக் கொண்டு சேர்த்தனர். விடியுமுன் பெண்குழந்தை பிறந்தது, இருவரும் நலம். ஆயினும் அந்த அரைமணி நேரத்தை இன்றும் நினைக்கக் கூசுகின்றோம்.

வண்டியைக் கராச்சுக்கு இழுத்துச் சென்றோம். மூத்த மெக்கானிக் ஒருவர் அடித்தொட்டியின் ஆணியைக் கழற்றி எண்ணெயை வடித்தார். இரு விரலிடையே தேய்த்து மணந்து பார்த்தார்.

"மாஸ்ரர், இது ஒயில் இல்லை. பாதி மண்ணெண்ணெய்."

எமக்கு அப்போதுதான் விளங்கிற்று. பெற்றோலைப்போல மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. எரியாது எஞ்சியது உருளையின் சுவர்வழியே வடிந்து அடித்தொட்டியிற் சேர்ந்தது. அதனாலேயே எண்ணெய் மட்டம் உயர்ந்தது. உயர்ந்த மட்டத்தைக் கண்டு நாம் மகிழ்ந்தோம். நீர்த்துப்போன எண்ணெய் தாங்கும் வலுவை இழந்திருந்தது. பெயாரிங்குகள் தேய்ந்து உருகியிருந்தன.

கழற்றிய மின்கம்பி தொங்குவதை அவர் கண்டார். எம்மை ஏறிட்டு நோக்கி, "உண்மை சொன்னவன்ரை வாயை ஏன் மாஸ்ரர் கட்டினீங்கள்?" என்றார். எமது வகுப்பில் எந்த மாணவனும் எம்மை அவ்வளவு நாணச் செய்ததில்லை.

சென்ற ஆண்டு அதே விளக்கு மீண்டும் கண்சிமிட்டியது. இம்முறை உடனே எஞ்சினை நிறுத்தினோம். சிறிது நேரம் ஆறவிட்டு அளவுகோலைப் பார்த்தோம். எண்ணெய் இரு கோடுகளுக்கும் இடையே நின்றது. விரலில் தேய்த்தோம், மணந்தோம், தடிப்பும் மணமும் குறைவின்றி இருந்தன. மின்கம்பி எங்கேனும் உறை தேய்ந்து இரும்பைத் தொடுகின்றதா என்று நுனிவரை தடவினோம், அதுவுமில்லை. இவ்வளவும் சரியாயிருந்தும் "ஆளிதான் பழுது" என்று சொல்ல நா எழவில்லை. வண்டியை ஓட்டாது, கராச்சிலிருந்து ஆளை வருவித்தோம். வந்தவர் அம்மூத்த மெக்கானிக்கின் மகன். ஆளியைக் கழற்றி அவ்விடத்தில் அமுக்கமானி ஒன்றை முறுக்கி, எஞ்சினை நன்கு சூடேற்றினார். மெல்ல இயங்கும்போது முள் 20 றாத்தலைக் காட்டியது. வேகத்தைக் கூட்டியதும் 55க்கு ஏறியது. அறுபது ஆண்டு கடந்த வண்டிக்கு வேறென்ன வேண்டும்! பழுது ஆளியில்தான். புதியது மாட்டியதும் விளக்கு ஒழுங்காயிற்று.

ஆக, முதன்முறை விளக்கு மெய் சொன்னது, நாம் பொய்யென்றோம். இரண்டாம் முறை பொய் சொன்னது. நாம் மெய்யென்று கொண்டோம். இரண்டாம் தவறுக்கு விலை ஒரு மாலைப்பொழுதும் சிறு கூலியும். முதற்றவறின் விலையாக இரண்டு உயிர்கள் போயிருத்தல் கூடும். எச்சரிப்பவன் பொய்யன் என்று அளந்து நிறுவும்வரை அவனை மெய்யனாகவே கொள்ளுதல் வேண்டும். அளக்குமுன் தீர்ப்புக் கூறுதல் விஞ்ஞானம் கற்றார்க்கு அழகன்று. இளம் மாணவர்கள் இதனை வண்டிக்கு மட்டுமன்றித் தம் உடலுக்கும், இல்லத்துக்கும், தாம் பணிபுரியும் இடத்துக்கும் பொருந்தக் கொள்வார்களாக.

அன்று உழவு இயந்திரத்தில் சென்ற அத்தங்கை இன்று பேரப்பிள்ளை கண்டுவிட்டார். கோயிலடியிலோ கலியாண வீட்டிலோ எம்மைக் காணும்போதெல்லாம் நலம் விசாரிக்குமுன் அவர் கேட்பது ஒன்றே:

"அண்ணை, உங்கடை காரிலை லைற் எரியுதோ?"

"திறப்பைத் திருப்பினால் எரியுது, தங்கச்சி" என்போம். அவ்விடையைக் கேட்ட பின்னரே அவர் சிரிப்பார்.