தோளில் ஏறும் சைக்கிள்

சைக்கிள் மனிதனைச் சுமப்பது உலக வழக்கம். மனிதன் சைக்கிளைச் சுமந்து ஓடும் பந்தயமும் உண்டென்றால் நேயர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் பெல்ஜிய தேசத்து லிம்பர்க் மாகாணத்தில், ஸோல்டர் என்னும் இடத்தில், டிசம்பர் மாதக் கடைசியை ஒட்டி அத்தகைய பந்தயம் நடந்து வருகிறது. ‘சைக்கிளோ-கிராஸ்’ என்று அதற்குப் பெயர். தொலைக்காட்சியில் அதைப் பார்ப்பதில் எனக்குள்ள பித்து இன்னும் தெளிந்தபாடில்லை.

இதில் பெரிய வேடிக்கை, பந்தயம் நடக்கும் இடந்தான். 1963-ஆம் வருஷத்தில் திறக்கப்பட்ட மோட்டார்ப் பந்தயக் களம் அது. ஒரு சுற்று சுமார் 4 கிலோமீட்டர். கானடா தேசத்துப் புகழ்பெற்ற வீரர் ஜில் வில்நோவ் 1982-இல் உயிர் துறக்கக் காரணமான விபத்து நேர்ந்ததும் அங்கேதான். அசுர வேகத்துக்குப் பெயர்போன அக்களத்தில், சைக்கிள் வீரர்கள் தார்ச்சாலையைச் சற்றே தொட்டுவிட்டு, மணல் மேட்டிலும் சேற்றிலும் புகுந்து விடுகிறார்கள். குறுக்கே பலகைகள் நிற்கும். பெரும்பாலோர் குதித்திறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்டுவார்கள். செங்குத்தான மேடு வந்தால் அது தோளில் ஏறிவிடும். பெரிய வீரர்களுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் இந்தப் பாடு.

1970-இல் அங்கே நடந்த உலகப் போட்டியில் வென்ற எரிக் டி விளேமிங்க், மொத்தம் ஏழு முறை உலக வீரர் பட்டம் பெற்றவர். அதே ஸோல்டரில் 2016 ஜனவரியில் மீண்டும் உலகப் போட்டி கூடியபோது, பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்திக்காக வைத்திருந்த சைக்கிளின் குழாய்க்குள் சிறு மோட்டார் ஒளிந்திருப்பதை அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். அது சிநேகிதர் ஒருவருடைய சைக்கிள் என்று அவள் சாதித்தாள். ஆறு வருஷத் தடையும் 20,000 சுவிஸ் பிராங்க் அபராதமும் விதிக்கப்பட்டன. முந்திய மாதங்களில் அவள் பெற்ற வெற்றிகளும் ரத்தாயின.

“மோட்டார்க் களத்தில் மோட்டார் ஓடினால் குற்றமா?” என்று என் நண்பர் ஒருவர் கேலி செய்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யந்திரத்தின்மேல் எனக்குப் பகையில்லை. சைக்கிளும் ஒரு யந்திரந்தானே! கார்ப் பந்தயத்தில் எஞ்சின் ஒளிவதில்லை. அதன் பலத்தை அறிந்தே ஜனங்கள் பார்க்க வருகிறார்கள். இங்கேயோ, அந்த மேட்டை யாருடைய மூச்சு ஏறியது என்பதைக் காணவே குளிரில் காத்து நிற்கிறார்கள்.

அவளுக்குப் பின்னால் முன்பு வந்து சேர்ந்த பெண்களை எண்ணிப் பார்க்கிறேன். தங்கள் கால்களில் வலுப் போதவில்லை என்று அவர்கள் எத்தனை இரவு நொந்திருப்பார்களோ! ரத்தான பட்டத்தை ஏட்டில் திருத்திவிடலாம். மேடையில் நின்றிருக்க வேண்டிய அந்த நாழிகையை யார் திருப்பித் தருவார்கள்?