பனிக்கு நடுவே ஒரு பாலைவனத் தோட்டம்

கனடாவில் வின்னிபெக் என்றொரு நகரம். ஜனவரி மாத இரவுகளில் அங்கே மைனஸ் 20 டிகிரி வரை குளிர் இறங்கும். உலக வரைபடத்தில் அந்த ஊரிலிருந்து கிழக்கே நேர்கோடு இழுத்துக்கொண்டே போனால், அட்லாண்டிக் கடலைத் தாண்டியதும் விரல் வந்து நிற்கும் இடம் இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அப்பால் உள்ள சில்லித் தீவுகள். அதே அட்சரேகைதான். ஆனால், அங்குள்ள டிரெஸ்கோ தீவில் அதே ஜனவரியில் ஈச்ச மரம் நிற்கிறது. ஆனைக்கற்றாழை விரிந்து கிடக்கிறது. தென்னாப்பிரிக்காவின் புரோட்டியா பூத்திருக்கிறது!

மந்திரம் எதுவும் இல்லை. மெக்சிகோ பக்கமிருந்து புறப்படும் வெதுவெதுப்பான கடல் நீரோட்டத்தின் ஒரு பிரிவு இந்தத் தீவுகளைத் தொட்டுக்கொண்டு போகிறது. அதனால் குளிர்காலத்தில்கூட இங்கே சராசரியாக 8 டிகிரி இருக்கும். கோடையிலும் 17-ஐ ஒட்டித்தான். நம் ஊர்க்காரர்களுக்கு அதுவே ஸ்வெட்டர் போடும் குளிர். ஆனாலும், தண்ணீர் உறைவது இங்கே அபூர்வம். செடிகளைப் பொறுத்தவரை அதுதான் முக்கியம். இலைக்குள் இருக்கும் நீர் பனிக்கட்டியாக மாறினால் திசு சிதைந்துபோகும். மறுநாள் வெயிலில் பார்த்தால் வெந்த கீரை மாதிரி துவண்டு தொங்கும்.

இங்கிலாந்தின் மற்ற இடங்களில் வாழை வளர்க்க ஆசைப்படுபவர்கள் படும் பாடு பெரிது. இலையுதிர் காலம் வந்ததும் இலைகளை வெட்டிவிட்டு, தண்டைச் சுற்றி வைக்கோலைத் திணித்து, குழந்தையைப் போர்த்துவதுபோல் போர்த்தி வைக்கிறார்கள். தொட்டிச் செடிகள் கண்ணாடி வீட்டுக்குள் போய்விடும். டிரெஸ்கோவிலோ பெரும்பாலான செடிகள் வெட்டவெளியில், மண்ணிலேயே நிற்கின்றன.

ஆனால், குளிரைவிடப் பெரிய எதிரி ஒன்று உண்டு: உப்புக் காற்று.

1834-ல் அகஸ்டஸ் ஸ்மித் என்பவர் இந்தத் தீவுகளைக் குத்தகைக்கு எடுத்து டிரெஸ்கோவில் குடியேறியபோது, தீவு கிட்டத்தட்ட மொட்டையாகக் கிடந்தது. இடிந்த பழைய கிறிஸ்தவ மடம் ஒன்றின் வளைவுகள் மட்டும் மிச்சம். அதைச் சுற்றித்தான் தோட்டத்தைத் தொடங்கினார். முதலில் முட்புதர்களை வளர்த்துக் காற்றைத் தணித்தார். பிறகு, கலிஃபோர்னியாவின் மான்டெரி பைன், மான்டெரி சைப்ரஸ் மரங்களால் வேலி. மதில் எழுப்பினால் போதாதா என்று கேட்கலாம். மதிலில் மோதும் காற்று மேலே எகிறிக் குதித்து, மறுபக்கம் சுழன்று அடிக்கும். மரங்களோ காற்றை வடிகட்டி, வேகத்தைக் குறைத்து அனுப்பும். அந்த மறைவில்தான் மற்ற எல்லாச் செடிகளும் உயிர் வாழ்கின்றன.

ஸ்மித் எப்படிப்பட்ட மனிதர்? பிள்ளைகள் பள்ளிக்கு வந்தால் ஒரு பென்னி கட்டணம், வராவிட்டால் இரண்டு பென்னி என்று விதித்தாராம். நல்ல மனிதர்தான் என்று முடிவுகட்டுவதற்குள் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பக்கத்தில் உள்ள சாம்சன் தீவில் மிச்சமிருந்த ஏழைக் குடும்பங்களை 1855-ல் வெளியேற்றியவரும் அவர்தான். அந்த வீடுகளின் கற்சுவர்கள் கூரையின்றி இன்றும் நிற்கின்றன. அழகான தோட்டங்களின் கதையில் இப்படியொரு பக்கமும் இருந்துவிடுகிறது.

தோட்டம் தெற்கு நோக்கிய சரிவில் அடுக்கடுக்காக அமைந்திருக்கிறது. உச்சி அடுக்கில் வெயில் அதிகம், மண்ணில் ஈரம் நிற்காது. தென்னாப்பிரிக்க, ஆஸ்திரேலியச் செடிகளுக்கு அந்த இடம். இறங்க இறங்க நிழலும் ஈரமும் கூடும். நியூசிலாந்தின் மரப் பெரணிகள் அங்கே குடைவிரித்து நிற்கின்றன. சில நிமிட நடையில் கண்டம் மாறிவிடுகிறது. கேனரித் தீவுகளின் எக்கியம், ஆள் உயரத்தைத் தாண்டி நீலக் கோபுரமாக நிமிர்ந்து நிற்பதைப் பார்த்தவர்கள் கேமராவை எடுக்காமல் நகர்வதில்லை.

இத்தனையும் ஒருமுறை அழிந்துபோனது.

1987 ஜனவரியில், யாரும் எதிர்பாராத பனிப்பொழிவு. தொடர்ந்து கடும் உறைபனி. சதைப்பற்றுள்ள செடிகள் கூழாகிக் கரைந்தன. தலைமுறைகளாகச் சேர்த்தவற்றில் பெரும்பகுதி சில நாட்களில் போயிற்று. மீண்டும் நட்டு, வேர் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் 1990 ஜனவரியில் சூறாவளி வேகத்தில் புயல். இந்த முறை விழுந்தவை காப்பு மரங்கள். பெரும்பாலானவை வேரோடு சாய்ந்தன. பூச்செடி போனால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். காற்றைத் தடுக்கும் மரம் போனால்? அது வளர இருபது, முப்பது வருடங்கள் ஆகும். அதுவரை ஒவ்வொரு புயலும் நேராகத் தோட்டத்துக்குள்தான் வரும்.

அப்படியும் விட்டுவிடவில்லை. விழுந்த மரங்களை அகற்றி, மறுபடி கன்றுகளிலிருந்து தொடங்கினார்கள். ஸ்மித்தின் வாரிசுகளான டோரியன்-ஸ்மித் குடும்பம்தான் இன்றும் தோட்டத்தைப் பராமரிக்கிறது. இப்போது காற்றைத் தாங்கி நிற்பவை பெரும்பாலும் அந்தப் புயலுக்குப் பின் நட்ட மரங்கள். ஆண்டுதோறும் ஜனவரித் தொடக்கத்தில் தோட்டக்காரர்கள் பாதை பாதையாக நடந்து, என்னென்ன செடிகள் பூத்திருக்கின்றன என்று எண்ணுகிறார்கள். கணக்கு 300-ஐ ஒட்டி வருவது வழக்கம். மற்ற இடங்களில் மரங்கள் மொட்டையாக நிற்கும் மாதம் அது.

தோட்டத்துக்குள்ளேயே, இந்தக் கடலில் உடைந்த கப்பல்களின் முகப்புச் சிலைகளை ஒரு கொட்டகையில் வைத்திருக்கிறார்கள். சாயம் பூசிய மரப் பெண்கள், வீரர்கள் எல்லோரும் பூக்களைப் பார்த்தபடி நிற்கிறார்கள். மரங்களை வீழ்த்தும் காற்று கப்பல்களை மட்டும் விட்டுவிடுமா என்ன!

போக நினைப்பவர்கள் பென்சான்ஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறினால், ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரத்தில் செயின்ட் மேரிஸ் தீவு. குளிர்காலத்தில் இந்தக் கப்பல் ஓடாது. அங்கிருந்து சிறு படகில் டிரெஸ்கோ. கடல் அலை ஆட்டும் என்பதால் வயிற்றைக் காலியாக வைக்காமல், நிரப்பவும் செய்யாமல் ஏறுவது நல்லது. ஓதம் ஏறி இறங்குவதைப் பொறுத்துப் படகுகள் வேறு வேறு துறைகளில் நிற்கும். இறங்கும்போதே, மாலைப் படகு எந்தத் துறையிலிருந்து, எத்தனை மணிக்கு என்று படகுக்காரரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.