டெலோஸுக்குப் போகும் முன்

கிரேக்கத் தீவான டெலோஸில் ஹோட்டல் கிடையாது. வாடகை அறை கிடையாது. கூடாரமும் போடக் கூடாது. சாயங்காலத்துக்குள் கடைசிப் படகைப் பிடித்துக் கிளம்பிவிட வேண்டும்.

காவலாளிகளுக்கும் அகழாய்வுக்காரர்களுக்கும் மட்டும்தான் இரவு.

டிராவல் ஏஜென்ட் போனில்: "சார், நீங்க சொல்ற தீவுல ஒரு ரூம்கூட காட்டலையே. ஸ்பெல்லிங் ஒரு தடவை பாருங்க."

ஸ்பெல்லிங் சரிதான்.

ஆக, படுக்க மைக்கோனோஸ். பார்க்க டெலோஸ். நடுவில் அரை மணி நேரப் படகு.

&nbsp;

மொத்தத் தீவும் சுமார் மூன்றரைச் சதுர கிலோமீட்டர். ஒரு குன்று, பெயர் கிந்தோஸ். உயரம் 112 மீட்டர். நிழல் என்று நம்பிப் போக எதுவும் இல்லை.

தொப்பி. எழுதி வை.

&nbsp;

அப்போலோவின் தாய் லேட்டோவுக்கு ஒன்பது நாள் பிரசவ வலி. தேவராணி ஹேராவுக்குப் பயந்து எந்த ஊரும் இடம் கொடுக்கவில்லை. இந்தத் தீவு அப்போது மிதந்துகொண்டிருந்ததாம். பேரீச்சை மரத்தைக் கட்டிக்கொண்டு அப்போலோவைப் பெற்றாள்.

அதற்குப் பிறகுதான் தீவு ஓரிடத்தில் நின்றதாக ஒரு கதை.

ஹோமரின் ஒடிசியஸும் இங்கே பலிபீடத்தின் அருகே ஒரு இளம் பேரீச்சையைப் பார்த்திருக்கிறான். அத்தனை அலைச்சலுக்கு நடுவில் ஒரு கன்று நினைவில் தங்கியிருக்கிறது.

&nbsp;

கி.மு. 426. பெலோபொனீசியப் போர் நடந்துகொண்டிருக்கிறது. ஏதென்ஸ்காரர்கள் தீவைத் தூய்மைப்படுத்த வருகிறார்கள். எல்லாக் கல்லறைகளையும் தோண்டி எடுத்து, எதிரே இருக்கும் ரெனியா தீவுக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள்.

கூடவே ஒரு சட்டம். இனி டெலோஸில் யாரும் பிறக்கக் கூடாது, யாரும் சாகக் கூடாது. சாகக் கிடக்கிறவரையும் நிறைமாதக்காரியையும் படகில் ஏற்றி ரெனியாவுக்கு அனுப்பிவிட வேண்டும்.

வலி எடுத்த பிறகு படகு கிடைக்காவிட்டால்? காற்று எதிராக இருந்தால்? இதை எழுதி வைத்த வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் அதற்குள் போகவில்லை.

&nbsp;

நாயும் கூடாது. இது புவியியலாளர் ஸ்ட்ராபோ.

அக்கா கேட்டாள்: "பூனை?"

அந்த வரியில் நாய் மட்டும்தான்.

&nbsp;

விசாவுக்கு இன்சூரன்ஸ் கட்டாயம். குறைந்தது 30,000 யூரோவுக்கு. அவசர சிகிச்சை, ஆஸ்பத்திரிச் செலவு, இறந்தால் உடலை ஊருக்கு அனுப்பும் செலவு எல்லாம் அதில் அடங்கியிருக்க வேண்டும்.

விசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. நிராகரித்தால் திரும்ப வராது.

விமானக் கம்பெனியின் விதிமுறைகளையும் படித்தேன். கர்ப்பிணிகள் இத்தனை வாரத்துக்கு மேல் என்றால் டாக்டர் சான்றிதழ், இன்னும் சில வாரம் கூடினால் ஏற்றவே மாட்டார்கள். எங்களில் யாருக்கும் அது வேண்டியதில்லை. இருந்தாலும் கடைசிவரை படித்தேன்.

&nbsp;

கல்லறைகளைத் தோண்டியபோது பாதிக்கு மேல் கிரேக்கர்களுடையதே இல்லை. கூடப் புதைத்திருந்த ஆயுதங்களையும் புதைத்த விதத்தையும் வைத்துக் காரியர்கள் என்று கண்டுபிடித்தார்கள். இதுவும் தூசிடிடீஸ்தான். எலும்பை மாற்றிப் புதைக்கிற வேலைக்கு நடுவில் யாரோ கத்தியைத் திருப்பிப் பார்த்திருக்கிறான்.

எலும்புகளை மாற்றிப் புதைத்த குழியை ரெனியாவில் 1898-இல் கண்டுபிடித்தார்கள். உள்ளே கிடந்த பானைகளை வைக்கத்தான் மைக்கோனோஸ் துறைமுகத்தில் அருங்காட்சியகமே கட்டினார்கள்.

மைக்கோனோஸுக்குப் போகிற கூட்டத்தில் எத்தனை பேர் அங்கே நுழைகிறார்களோ. படகுத்துறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. முதல் நாள் அங்கே.

&nbsp;

அதே அருங்காட்சியகத்தில் ஒரு பெரிய மண் சாடி. கி.மு. ஏழாம் நூற்றாண்டு. மைக்கோனோஸில் 1961-இல் கிடைத்தது. கழுத்துப் பகுதியில் டிராய் குதிரை.

குதிரையின் வயிற்றில் சின்னச் சின்ன ஜன்னல்கள். ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு தலை. பஸ்ஸில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற மாதிரி. ஒளிந்திருக்கிற எந்த அறிகுறியும் இல்லை. ஒருவன் வாளை ஜன்னல் வழியே நீட்டிக்கொண்டிருக்கிறான்.

கால்களில் சக்கரம்.

கீழே, உடம்பு முழுக்கக் கட்டம் கட்டமாக வேறு படங்கள். அம்மாவின் கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்குகிறார்கள். ஒரு கட்டம், இன்னொரு கட்டம், இன்னொன்று. குதிரைப் படம் மட்டும் எல்லாப் புத்தகத்திலும் வருகிறது.

&nbsp;

சாக்ரடீஸ் தண்டனைக்குப் பிறகு பல நாள் உயிரோடிருந்ததற்குக் காரணம் டெலோஸ். ஆண்டுதோறும் ஏதென்ஸிலிருந்து ஒரு கப்பல் அப்போலோவுக்கு வழிபாட்டுக் குழுவைக் கொண்டுபோகும். அது திரும்பும்வரை ஊரில் யாருக்கும் மரணதண்டனை நிறைவேற்ற மாட்டார்கள். வழக்குக்கு முந்தின நாள்தான் கப்பலுக்கு மாலை போட்டிருந்தார்கள்.

30 நாள் என்கிறார் செனபன்.

எதிர்க்காற்று அடித்தால் இன்னும் இழுக்கும்.

&nbsp;

இந்தக் கடலில் கோடையில் அடிக்கும் வடக்குக் காற்றுக்கு இப்போது பெயர் மெல்தேமி. ஜூலை, ஆகஸ்டில் உச்சம். மேகம் இருக்காது, மழை இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும். படகு மட்டும் கிளம்பாது.

எல்லோருக்கும் லீவு கிடைப்பதோ ஜூலை, ஆகஸ்டில்.

நம் பிள்ளைகளின் பள்ளி மே மாதம் மூடுவது இந்த ஒரு விஷயத்துக்காவது உதவட்டும். மே. இல்லையென்றால் செப்டம்பர்.

&nbsp;

நிக்கியாஸ் என்ற ஏதென்ஸ் தளபதி பெரிய பணக்காரன். டெலோஸ் திருவிழாவுக்குப் பாடகர் குழுவை அழைத்து வருகிற பொறுப்பு அவனுடையது. வழக்கமாகப் படகு கரை தட்டியதும் கூட்டம் சூழ்ந்து பாடச் சொல்லும். பாடகர்கள் மாலையைச் சரி செய்வதா, உடை மாற்றுவதா, பாடுவதா என்று தடுமாறுவார்கள்.

இவன் நேராக ரெனியாவில் இறங்கினான். ஊரிலேயே அளவெடுத்துச் செய்த பாலத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தான். சாயம், தங்கப் பூச்சு, திரைச்சீலை எல்லாம். ராத்திரியோடு ராத்திரியாக நடுவிலிருந்த கால்வாயின் மேல் அதைப் போட்டு, விடிந்ததும் பாடகர்களைப் பாடிக்கொண்டே நடக்க வைத்தான்.

அளவு சரியாக இருந்திருக்கிறது. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஒரு வெண்கலப் பேரீச்சையும் நிறுத்தினான். பின்னாளில் அது காற்றில் முறிந்து பக்கத்தில் நின்ற பெரிய அப்போலோ சிலை மேல் விழுந்து, சிலையும் சாய்ந்ததாகப் புளூட்டார்க்.

அந்தச் சிலை நாக்ஸோஸ் தீவுக்காரர்கள் கொடுத்தது. மார்பும் இடுப்பும் டெலோஸில் வெட்டவெளியில் கிடக்கின்றன. பாதத்தின் ஒரு துண்டு லண்டனில்.

டெலோஸின் பளிங்குச் சிங்கங்களில் ஒன்றின் உடல் வெனிஸில். தலை பிற்காலத்தில் யாரோ வைத்தது. டெலோஸில் வரிசையாக உட்கார்ந்து எல்லோருடைய போட்டோவிலும் வருகிறவை நகல். அசல் அங்குள்ள அருங்காட்சியகத்துக்குள்.

&nbsp;

அதற்கும் முன்னால், சாமோஸ் தீவின் ஆட்சியாளன் பொலிக்ரட்டீஸ் ரெனியாவைப் பிடித்து அப்போலோவுக்குக் காணிக்கையாக்கினான். எப்படி? சங்கிலியால் டெலோஸோடு கட்டினான்.

சங்கிலியின் எடை, நீளம் பற்றி எங்கும் எதுவும் கண்ணில் படவில்லை.

&nbsp;

சாப்பாடு. அக்கா சைவம். மீன்கூட இல்லை, முட்டைகூட இல்லை.

கிரேக்க ஆர்த்தடாக்ஸ் விரத உணவுக்கு நிஸ்திசிமோ என்று பெயர். இறைச்சி, முட்டை, பால், தயிர் எதுவும் இருக்காது. கேட்டு வாங்கலாம் என்று அவளிடம் சொன்னேன்.

ஆனால் ஆக்டோபஸும் கணவாயும் இறாலும் விரதத்தில் சேர்த்தி. அவற்றுக்கு ரத்தம் இல்லையாம்.

"டேய், ரத்தமில்லாம எட்டுக் காலு எப்படிடா ஆடும்?"

பட்டாணிப் பருப்பைக் குழைய வேகவைத்து வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும் விட்டுத் தருவது ஃபாவா. அது போதும் என்கிறாள். இருந்தாலும் ஊறுகாய்.

&nbsp;

கோயில் அதிகாரிகள் ஆண்டுதோறும் கணக்கைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கி.மு. 314-இல் ஏதென்ஸ் பிடி விட்ட பிறகு சுமார் ஒன்றரை நூற்றாண்டுக் கணக்கு. விறகு என்ன விலை, கீல் என்ன விலை, எழுதுகிற பாப்பிரஸ் என்ன விலை. வீட்டு வாடகை எவ்வளவு வந்தது. கோயிலைத் தூய்மை செய்யப் பலியிடும் பன்றிக்குட்டி என்ன விலை.

பன்றிக்குட்டி விலையை வரிசையாகப் போட்டுப் பொருளாதார ஆய்வே நடத்தியிருக்கிறார்கள்.

எங்கள் பயணக் கணக்கை நான் எக்செல்லில் போட்டிருக்கிறேன்.

&nbsp;

கி.மு. 166-ஐ ஒட்டி ரோம் இந்தத் தீவைத் திரும்ப ஏதென்ஸிடம் கொடுத்து, சுங்கவரி இல்லாத துறைமுகமாக்கியது. ரோட்ஸ் தீவின் வருமானத்தில் மண்ணைப் போடுவதற்கு. உள்ளூர் டெலோஸ்காரர்களை வெளியேற்றிவிட்டார்கள். அது முதல் தடவையும் இல்லை. கி.மு. 422-இலும் இதே ஏதென்ஸ் மொத்தப் பேரையும் விரட்டியது. அவர்கள் கடல் தாண்டி ஆசியக் கரையில் குடியேறி, டெல்ஃபியின் குறிசொல்லி சொன்ன பிறகு அடுத்த ஆண்டு திரும்பினார்கள்.

&nbsp;

ஒரே நாளில் பத்தாயிரம் அடிமைகளை வாங்கி அனுப்ப முடிகிற இடம் என்று ஸ்ட்ராபோ.

எந்த இடத்தில் விற்றார்கள்? இத்தாலியர் சதுக்கமாக இருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள். இல்லை என்று வேறு சிலர். காட்டுவதற்கு ஒரு கல் இல்லை.

&nbsp;

மைக்கோனோஸில் சொகுசுக் கப்பலிலிருந்து இறங்கும் ஒவ்வொருவருக்கும் கோடைக்காலத்தில் 20 யூரோ தீர்வை. 2025-இலிருந்து. நாங்கள் அந்தக் கணக்கில் வர மாட்டோம். பிரேயஸிலிருந்தோ ரஃபீனாவிலிருந்தோ சாதாரணக் கப்பல்.

பெரிய கப்பல்கள் நிற்கும் தேதிகளைத் துறைமுகம் முன்கூட்டியே வெளியிடுகிறது. அந்த நாட்களைத் தவிர்க்க.

&nbsp;

கிளியோபாட்ரா வீடு. எகிப்து ராணி இல்லை. இவள் ஏதென்ஸைச் சேர்ந்தவள். கணவன் பெயர் டயோஸ்கூரிடீஸ்.

இரண்டு பேருக்கும் சிலை. இரண்டு பேருக்கும் தலை இல்லை.

அவள் மேலே போர்த்தியிருப்பது மெல்லிய துணி. உள்ளாடையின் செங்குத்து மடிப்புகள் போர்வையை மீறித் தெரிகின்றன. இதைப் பளிங்கில் செய்திருக்கிறான். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

சிலையை வைத்தது அவள். கீழே எழுதியும் வைத்தாள்: கணவர் அப்போலோ கோயில் வாசலின் இரண்டு பக்கமும் வெள்ளி முக்காலி கொடுத்தவர் என்று. கி.மு. 138 வாக்கில்.

முக்காலிகள் இல்லை. அவள் எழுதி வைத்தது இருக்கிறது.

&nbsp;

பக்கத்தில் இன்னொரு வீட்டு முற்றத்தில் டயோனிசஸ் புலி மேல் போகிறான். புலியின் கழுத்தில் திராட்சைக்கொடி மாலை. தரைச் சித்திரத்தின் சில கற்கள் நொய்யரிசியைவிடச் சிறியவை. முற்றத்துக்கு அடியில் மழைநீர்த் தொட்டி. நாடக அரங்குக்குப் பக்கத்திலும் ஒரு பெரிய தொட்டி. 5,500 பேர் உட்காரும் அரங்கு.

தண்ணீர் பாட்டில் ஆளுக்கு இரண்டு.

&nbsp;

புனித ஏரி இருந்தது. 1925-இல் வற்றடித்து மண் போட்டார்கள். மலேரியா. தோண்டிக்கொண்டிருந்தவர்களைக் கொசு கடித்தது.

ஏரி இருந்த இடத்தின் நடுவில் ஒரு பேரீச்சை நட்டிருக்கிறார்கள்.

&nbsp;

கி.மு. 88: ரோமை எதிர்த்த அரசன் மித்ரிடேட்டீஸின் ஆட்கள். 69: கடற்கொள்ளையர். ஊர் முடிந்தது. பிறகு சுற்றுத் தீவுக்காரர்கள் கல் வேண்டுமென்றால் படகு எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பௌசானியாஸ் எழுதுகிறார்: ஏதென்ஸ் அனுப்பியிருக்கும் காவல்படை போய்விட்டால் டெலோஸில் டெலோஸ்காரன் என்று ஒருவனும் இல்லை.

&nbsp;

புளூட்டார்க் தொகுத்த இன்னொரு கதை. ஏதென்ஸோடு வழக்கு. டெலோஸ்காரர்கள் ஒரு ஸ்பார்ட்டாக்காரனிடம் தங்கள் ஊரின் புனிதத்தை விளக்குகிறார்கள். இங்கே பிரசவம் கிடையாது, அடக்கம் கிடையாது. அவன் கேட்டானாம், உங்களில் ஒருவரும் பிறக்காத, ஒருவரும் புதைக்கப்படாத இடம் உங்கள் ஊர் ஆவது எப்படி என்று.

விசா விண்ணப்பத்தில் பிறந்த ஊர் ஒரு கட்டம், இருக்கும் முகவரி இன்னொரு கட்டம். அக்காவின் பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் ஒரு விதமாகவும் பிறப்புச் சான்றிதழில் வேறு விதமாகவும். கேட்பார்களா தெரியவில்லை.

&nbsp;

மைக்கோனோஸ் அறை வாடகையைப் பார்த்த பிறகு டினோஸ் என்று ஒரு யோசனை. பக்கத்துத் தீவு. கோடையில் அங்கிருந்தும் டெலோஸுக்குப் படகு விடுகிறார்கள்.

டினோஸில் மாதா கோயில். 1823-இல் மண்ணுக்கடியில் கிடைத்த படம். துறைமுகத்திலிருந்து கோயில்வரை மேட்டுத் தெரு. ஓரமாக ஒரு கம்பளம், முழங்காலால் தவழ்ந்து ஏறுகிறவர்களுக்காக. கார்கள் அதை ஒட்டியே போகின்றன.

ஆகஸ்ட் 15 அங்கே பெரிய திருவிழா. 1940-இல் அதே நாளில், துறைமுகத்தில் நின்ற எல்லி என்ற கிரேக்கப் போர்க்கப்பலை இத்தாலிய நீர்மூழ்கி மூழ்கடித்தது. பக்தர்கள் கரையில்.

அக்காவுக்கு டினோஸ்தான் பிடித்திருக்கிறது. "ராத்திரி தங்க விடுற சாமியா பாத்துப் போவோம்டா."

&nbsp;

ஏஜென்டிடம் சொல்ல வேண்டியவை: டினோஸில் அறை, மாடிப்படி குறைவாக. டெலோஸுக்கு ஒரு நாள், அதற்கு மறுநாள் எதுவும் போடாமல் விட வேண்டும். காற்றால் படகு ரத்தானால் பணம் திரும்புமா, வேறு தேதி மட்டும் தருவார்களா, எழுத்தில் வேண்டும்.