நாலு டேங்க், ஒரு சட்டம்

திண்டிவனத்தில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோர் என்று வைத்துக்கொள்வோம். (கற்பனைக் கடைதான். ஊருக்குப் போய் யாரும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம் :-) ) முதலாளிக்கு ஐம்பது வயசு. வளையல், ஹேர் கிளிப், மொபைல் கவர், சார்ஜர் எல்லாம் சென்னையிலிருந்து மொத்தமாக எடுத்து வந்து விழுப்புரம், விக்கிரவாண்டி, மயிலம் என்று சின்னக் கடைகளுக்குப் போடுகிறவர். ஒரு நாள் அவர் போனுக்கு ஒரு படம் வருகிறது. கலர் கலராக, கையடக்கமாக ஒரு சாமான். கீழே, "நாலு டேங்க், நாலு ஃப்ளேவர், 2400 பஃப், டைப்-சி சார்ஜிங். நல்ல மார்ஜின் அண்ணே."

அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. டேங்க் என்றால் அவருக்கு மொட்டை மாடி சின்டெக்ஸ்தான் தெரியும்.

ஏஜென்ட் தம்பி நாலு டேங்க் எதற்கு என்று சொல்ல மாட்டான். மார்ஜினை மட்டும்தான் சொல்வான். அதனால் நாம் சொல்லிப் பார்ப்போம்.

வேப் கருவிக்குள் இருப்பது பெரிய ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. ஒரு லித்தியம் பேட்டரி. ஒரு சின்னக் கம்பிச்சுருள், அதைக் காயில் என்பார்கள். அதை ஒட்டிக் கொஞ்சம் பஞ்சு. பஞ்சை நனைத்துக்கொண்டே இருக்க ஒரு குட்டித் தொட்டி, அதுதான் டேங்க். வாயில் வைத்து இழுத்ததும் உள்ளே காற்று ஓடுவதை ஒரு சென்சார் கண்டுபிடித்து பேட்டரியைக் காயிலோடு இணைக்கும். காயில் சூடாகும். பஞ்சில் ஊறிய திரவம் ஆவியாகும். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுகிற மாதிரிதான், ஆனால் நெருப்பு கிடையாது. திரவத்தில் இருப்பது புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனை, பெரும்பாலும் நிக்கோடின்.

சரி, ஒரு பெரிய டேங்க் வைத்தால் போதாதா? ஏன் நாலு?

இதற்குப் பதில் ஐரோப்பாவில் இருக்கிறது. 2014-இல் ஐரோப்பிய ஒன்றியம் போட்ட புகையிலைப் பொருள் விதிமுறை, 2016-இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு டேங்கில் 2 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது. நிக்கோடின் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. தனியாக விற்கும் ரீஃபில் பாட்டில் 10 மில்லியைத் தாண்டக் கூடாது. அப்போது ஒன்றியத்தில் இருந்த பிரிட்டனும் இதையே சட்டமாக்கியது.

2 மில்லியில் சுமார் 600 இழுப்பு வரும் என்பது அந்த வியாபாரத்தின் வாய்க்கணக்கு. இழுக்கிறவர்களுக்கு அது போதவில்லை. ஒரு டேங்க் 2 மில்லியைத் தாண்டக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஒரு கருவியில் எத்தனை டேங்க் இருக்கலாம் என்று சொல்லவில்லையே! அப்படிப் பிறந்ததுதான் நாலு டேங்க். நாலு இரண்டு எட்டு மில்லி. நாலு அறுநூறு 2400. திருகித் திருகி ஒன்று தீர்ந்ததும் அடுத்ததற்குப் போக வேண்டியது. இன்னொரு வகையில் 2 மில்லி டேங்குக்கு மேலே 10 மில்லி குப்பி உட்கார்ந்து ஊட்டிக்கொண்டே இருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் அளவுக்கு உள்ளேதான். மொத்த நிக்கோடினைக் கூட்டினால் நாலு டேங்கில் 160 மில்லிகிராம் வரை வருகிறது.

இந்தத் தந்திரம் நம்ம ஊர்க் கடைக்காரருக்குப் புதுசே இல்லை. 2013-இல் தமிழ்நாட்டில் குட்காவுக்குத் தடை வந்ததே, நினைவிருக்கிறதா? புகையிலை கலந்த பாக்குத்தூள் ஒரே பாக்கெட்டில் வரக் கூடாது என்றானது. உடனே நாட்டின் பல இடங்களில் பான் மசாலா ஒரு பாக்கெட், புகையிலை இன்னொரு பாக்கெட் என்று பிரித்துத் தொங்கவிட்டார்கள். வாங்குகிறவர் உள்ளங்கையில் கொட்டிக் கலந்துகொள்ள வேண்டியது. 2016-இல் உச்ச நீதிமன்றம் வரை அந்த ஜோடிப் பாக்கெட் விவகாரம் போனது. நாலு டேங்க் என்பது அந்த ஜோடிப் பாக்கெட்டின் படித்த தம்பி, அவ்வளவுதான்.

இங்கேதான் அண்ணன் கவனிக்க வேண்டிய இடம். அந்த நாலு டேங்க் எந்தச் சட்டத்தை ஏமாற்றச் செய்யப்பட்டதோ, அந்தச் சட்டம் விழுப்புரம் மாவட்டத்தில் இல்லை. இங்கே இருப்பது வேறு சட்டம். அதில் மில்லிக் கணக்கே கிடையாது. டேங்க் ஒன்றா, நாலா, நாற்பதா என்றும் அது கேட்காது.

தமிழ்நாடு 2018-லேயே இதைத் தடை செய்தது. 2019 செப்டம்பர் 18-இல் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது, அந்த டிசம்பரிலேயே அது முழுச் சட்டமானது. தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, ஏற்றிச் செல்வது, விற்பது, விநியோகிப்பது, விளம்பரம் என்று வரிசையாக எல்லாவற்றையும் அடைத்துவிட்டார்கள். முதல் தடவைக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். சரக்கை அடுக்கி வைத்திருந்தாலே ஆறு மாதம் வரை சிறை அல்லது ஐம்பதாயிரம் வரை அபராதம் அல்லது இரண்டும். தன் குடோனில் இது இருப்பது தெரிந்தும் இடம் கொடுத்தால் அதுவும் குற்றம்.

"அண்ணே, இது நிக்கோடின் இல்லாதது, வெறும் மாம்பழ ஃப்ளேவர்" என்று தம்பி சொல்வான். சட்டத்தின் வரையறையிலேயே நிக்கோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் என்று எழுதியிருக்கிறது. "இது சிகரெட் இல்லண்ணே, ஈ-ஹூக்கா" என்பான். அதுவும் பெயரோடு உள்ளே இருக்கிறது. எந்தப் பெயரில் அழைத்தாலும், எந்த வடிவத்தில் இருந்தாலும் என்று கதவைச் சாத்திவிட்டார்கள். ஐரோப்பியச் சட்டம் அளவைப் பிடித்தது, வியாபாரி அளவைப் பிரித்தான். இந்தச் சட்டம் பொருளையே பிடித்திருக்கிறது, பிரிப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

அடுத்து பாண்டிச்சேரி. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு பழக்கம். இங்கே கிடைக்காதது எதுவானாலும் பஸ் ஏறினால் பாண்டியில் கிடைக்கும், விலையும் குறைச்சல் என்று. பாட்டில் விஷயத்தில் அது பலிக்கலாம். இது மத்தியச் சட்டம், பாண்டிக்கும் அதேதான். அங்கே எடுத்து திண்டிவனத்துக்குக் கொண்டுவந்தால் ஏற்றிச் சென்ற குற்றமும் சேரும்.

"சிகரெட் விற்கலாம், இது மட்டும் ஏன் கூடாது?" என்று அண்ணன் கேட்பார். நியாயமான கேள்விதான், மழுப்ப வேண்டியதில்லை. பிரிட்டனில் சிகரெட்டை விட நினைப்பவருக்கு அரசாங்கமே வேப்பைச் சிபாரிசு செய்கிறது. அங்கேயே தீர்ந்ததும் தூக்கிப் போடும் வகையை 2025 ஜூன் 1 முதல் தடை செய்தும்விட்டார்கள். இங்கே 2019 மே மாதம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முழுத் தடையைப் பரிந்துரைத்தது. சிகரெட் பக்கமே போகாத பிள்ளைகளும் இதில் ஆரம்பித்து நிக்கோடினுக்குப் பழகிவிடுவார்கள் என்பது முக்கியமான பயம். பழைய விஷத்துக்கு லைசென்ஸ், புது விஷத்துக்குத் தடை என்பது கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த வாதத்தை எடுத்துச் செல்ல வேண்டிய இடம் டெல்லி. விக்கிரவாண்டி டோல்கேட்டில் பார்சல் வண்டியை நிறுத்தும் சப்-இன்ஸ்பெக்டரிடம் அதைச் சொல்லி ஒரு பிரயோஜனமும் இல்லை.

அவன் அனுப்பிய படத்தை அண்ணன் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு "யாருக்காவது வேணுமா?" என்று கேட்டாலே அது விளம்பரம். விழுப்புரத்துப் பெட்டிக்கடைக்காரர் ஆசைப்பட்டு இரண்டு பெட்டி எடுத்தால் அவரும் உள்ளே. பெட்டிக்கு நூறோ இருநூறோ லாபம் பார்க்கிற அந்த மனிதருக்கு ஒரு லட்சம் அபராதம் என்பது கடையையே மூடுகிற தொகை.

இவ்வளவையும் கேட்டுவிட்டும் அண்ணனுக்குச் சந்தேகம் தீரவில்லை என்றால், போனை எடுத்து அவர் தம்பியிடம் ஒன்றே ஒன்று கேட்டால் போதும்.

"ஜிஎஸ்டி பில்லு போட்டுத் தருவியா தம்பி?"

"தாராளமாண்ணே. மொபைல் சார்ஜர்னு போட்டுத் தர்றேன்."