முன்னே வெளிச்சம், பின்னே இருட்டு

மானிப்பாயில் பட்டப்பகலில் முன்விளக்கை எரியவிட்டபடி ஒரு வாகனம் வந்தால், எதிரே வருகிறவர் வலக்கை விரல்களைக் குவித்து, விரித்து, மறுபடி குவித்துக் காட்டுவார். 'உன் விளக்கு வீணாக எரிகிறது, அணைத்துவிடு' என்பது அதன் பொருள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை முதல் தோட்டத்துக்குப் போகும் பெரியவர் வரை எல்லோருக்கும் இந்தப் பாஷை தெரியும். பற்றறி இறங்கிவிடுமே என்ற கவலை அது. ரோர்ச் பற்றறிகூடத் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்த ஒரு காலத்தைக் கடந்து வந்த மக்களுக்கு அந்தக் கவலை இரத்தத்தில் ஊறியது. அந்த நல்லெண்ணத்தில் தொடங்கி ஓர் இளைஞனின் மணிக்கட்டு முறிந்ததில் முடிந்த சம்பவம் ஒன்றைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

என் தங்கையின் மகனிடம் ஒரு ஹைபிரிட் கார் இருக்கிறது. 2018ஆம் ஆண்டு ஜப்பானில் செய்யப்பட்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்படுவதற்கு முன் இலங்கைக்கு வந்து சேர்ந்த வண்டிகளில் ஒன்று. தனிப்பட்ட பாவனைக்கான கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் நாட்டில் இருந்த கார்களையே மாற்றி மாற்றி வாங்கினார்கள், விற்றார்கள். மருமகனும் அப்படித்தான் வாங்கினான். சாம்பல் நிறம். ஓடுகிறதா, நிற்கிறதா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவு அமைதி.

நான் கார் ஓட்டப் பழகியது ஒஸ்ரின் ஏ40 ஒன்றில். விளக்கைத் தாழ்த்தவும் உயர்த்தவும் இடக்காலால் மிதிக்கும் பொத்தான் தரையில் இருக்கும். திரும்பப் போவதைக் காட்டக் கதவோரத் தூணிலிருந்து சிறு மஞ்சள் கை ஒன்று நீளும். அது சிக்கிக்கொண்டால் உள்ளே இருந்து தூணில் ஒரு குத்து விட வேண்டும். விளக்குப் போட்டால் முன்னும் பின்னும் சேர்ந்தே எரியும். மீற்றர்ப் பலகையும் அப்போதுதான் ஒளிரும். விளக்குப் போட மறந்தால் மீற்றரும் இருட்டாகவே இருக்கும். அந்த இருட்டுத்தான் சாரதிக்கு நினைவூட்டல். இதை யாரும் திட்டமிட்டுச் செய்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் அது நல்லதோர் ஏற்பாடு.

மருமகனின் காரில் அந்த ஏற்பாடு இல்லை. காரை உயிர்ப்பித்த கணமே மீற்றர்ப் பலகை திருவிழாப் பந்தல்போல ஒளிர்கிறது, பகலானாலும் இரவானாலும். முன்பக்கத்தில் புருவம்போல இரண்டு வெள்ளைக் கீற்றுகள் தாமாகவே எரிகின்றன. இவை பகலில் எரிவதற்கென்றே வைக்கப்பட்டவை. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் தமிழிலேயே மேலைத்தேய மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் உயிரோடிருந்தால் இதற்கும் ஒரு தமிழ்ச்சொல் ஆக்கியிருப்பார். அவர் இல்லாத குறைக்கு நான் 'பகல்விளக்கு' என்று வைத்துக்கொள்கிறேன்.

பகல்விளக்கு வீதியைக் காட்டுவதற்கு அன்று, வண்டியைக் காட்டுவதற்கு. பனிமூட்டமும் நீண்ட அந்தியும் உள்ள வடதேசங்களில் தோன்றிய வழக்கம் இது. சுவீடனில் 1977இலேயே பகலிலும் விளக்கோடு ஓட வேண்டும் என்று சட்டம் வந்தது. கனடாவில் 1989 டிசம்பருக்குப் பின் தயாரிக்கப்பட்ட வாகனங்களுக்கு இது கட்டாயமாயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2011 பெப்ரவரியிலிருந்து புதிய ரகக் கார்களுக்குக் கட்டாயமாக்கியது.

ஹைபிரிட் கார்களில் குமிழ் விளக்குகள் மறைந்து எல்.ஈ.டி. வந்ததற்கும் காரணம் உண்டு. ஹலோஜன் குமிழ் ஒன்று 55 வாற்று மின்சாரம் குடித்து, அதில் பெரும்பகுதியை வெப்பமாகக் கக்கும். எல்.ஈ.டி. அதே வேலையை அதில் பாதிக்கும் குறைவான மின்சாரத்தில் செய்துவிடும். ஒவ்வொரு வாற்றும் கடைசியில் பெற்றோலில் இருந்துதான் வர வேண்டும் என்பதால், சிக்கனமே பிறவிப் பயனான ஹைபிரிட்டுக்கு எல்.ஈ.டி. பொருத்தமான துணை. முன்விளக்கின் தாழ்கதிருக்கு எல்.ஈ.டி. பொருத்தி விற்பனைக்கு வந்த முதற் காரே ஒரு ஹைபிரிட்தான்: 2007இன் லெக்சஸ் எல்.எஸ். 600எச். நீல எல்.ஈ.டி.யைக் கண்டுபிடித்து வெள்ளை ஒளிக்கு வழிதிறந்த அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. எல்.ஈ.டி.க்கு இன்னொரு சிறப்பும் உண்டு. இழை சூடேறும் வரை காத்திராது. தடை விளக்குக் குமிழைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு செக்கன் முந்தி எரிந்துவிடும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் பின்னால் வருகிறவனுக்கு அது ஏறக்குறையப் பத்து அடி. உயிர் தப்பப் போதுமான தூரம்.

நிற்க. சம்பவத்துக்கு வருகிறேன்.

மருமகனின் காரில் விளக்குத் திருகி ஒன்று உண்டு. அதை 'ஓட்டோ' என்ற இடத்தில் விட்டுவிட்டால் இருள் கவியும்போது விளக்குகள் எல்லாம், பின்விளக்கு உட்பட, தாமே எரியும். ஆனால் எங்கள் ஒழுங்கைகளில் மாவும் பலாவும் வேலிக்கு மேலால் கவிந்து நிற்கும். நண்பகலிலும் நிழலைக் கண்டால் விளக்கு எரிந்துவிடும். உடனே எதிரே வருகிறவர்களெல்லாம் விரலைக் குவித்து விரித்துக் காட்டுவார்கள். ஒரு வாரம் பொறுத்த மருமகன், கூச்சம் தாங்காமல் திருகியை அணைநிலைக்குத் திருப்பிவிட்டான். இரவில் கையால் போட்டுக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு. பகல்விளக்கு மட்டும் திருகிக்குக் கட்டுப்படாமல் எரிந்துகொண்டே இருந்தது.

கார்த்திகை மாதத்து மாலை. நானும் அவனும் சண்டிலிப்பாய்ப் பக்கம் ஒரு செத்தவீட்டுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். ஆறு மணி கடந்து பத்து நிமிடம் இருக்கும். மழை தூறி ஓய்ந்திருந்தது. ரொறொன்ரோவிலிருந்து அவனுக்கு அழைப்பு வந்தது. வீதியோரம் நிறுத்திப் பேசினான். பாதி வண்டி மண்ணில், பாதி தாரில். காரை அணைக்கவில்லை. எதிரே ஒரு மதிலில் எங்கள் காரின் வெள்ளை ஒளி படிந்திருந்தது. அதை நானும் பார்த்தேன். மீற்றர்ப் பலகை ஒளிர்ந்தது. விளக்குப் போடவில்லை என்று நினைக்க எனக்கும் ஒரு காரணமும் இருக்கவில்லை.

எதிரே ஒரு பஸ் உயர்கதிரோடு வந்து எங்களைக் கடந்தது. அடுத்த நொடி, பின்னால் இடி விழுந்ததுபோல ஒரு சத்தம்.

மோட்டார் சைக்கிளில் வந்தவனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். மேசன் வேலைக்குக் கையாளாகப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தவன். தலைக்கவசம் காப்பாற்றியது. வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. "கார் நிண்டது தெரியேல்லை ஐயா, கார் நிண்டது தெரியேல்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். இறங்கி ஓடிய பரபரப்பில் மருமகன் காரை அணைத்திருந்தான். ஆகவே பின்விளக்கு எரிந்ததா என்று அங்கே ஒருவரும் பார்க்கவில்லை.

வைத்தியசாலைக்குப் பையனின் தகப்பன் வந்தார். என்னைக் கண்டதும் சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்து நின்றார். "ஐயா, பின்னால வந்து இடிச்சவன் என்ர பெடியன். பிழை எங்களிலதான். காருக்கு என்ன செலவோ சொல்லுங்கோ, கொஞ்சம் கொஞ்சமாய்த் தந்திடுவன்" என்றார். பின்னால் வந்து இடித்தவனே குற்றவாளி என்பது எங்கள் வீதிகளின் எழுதாத சட்டம். மருமகன் பொய் சொல்லவில்லை. "லைற் போட்டுத்தான் நிண்டது. மாமாவும் கண்டவர்" என்றான். அவன் அதை நம்பினான். அந்த நேரம் நானும் நம்பினேன்.

நம்பிக்கை நாற்பது ஆண்டு பத்திரிகைத் தொழில் செய்தவனுக்குப் போதாது. 'கண்டேன்' என்று எழுதுமுன் என்னத்தைக் கண்டாய் என்று கேட்கச் சொல்லித்தந்த ஆசிரியர்களிடம் வேலை பார்த்தவன் நான். அன்றிரவு நித்திரை வரவில்லை. நான் கண்டது மதிலில் விழுந்த ஒளியை. முன்பக்கத்தை. பின்பக்கத்தை நான் காணவே இல்லை.

மறுநாள் மாலை, அதே நேரத்துக்குத் தங்கை வீட்டுக்குப் போனேன். மருமகனிடம் காரை உயிர்ப்பிக்கச் சொன்னேன். "நேற்று இருந்தபடியே இருக்கட்டும், ஒண்டையும் தொடாதை" என்றேன். முற்றத்து வேலியில் வெள்ளை ஒளி விழுந்தது. பின்னால் நடந்து போனேன். சாம்பல் நிறக் கார், சாம்பல் நிற மாலை. ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. அவனையும் கூப்பிட்டுக் காட்டினேன். நெடுநேரம் பேசாமல் நின்றான்.

இந்தக் குறை உலகம் அறிந்த ஒன்று. முன்னே பகல்விளக்கும் உள்ளே மீற்றர் வெளிச்சமும் சாரதியை ஏமாற்ற, பின்பக்கம் இருளில் ஓடும் கார்களைக் கனடாவில் 'பேய் வாகனம்' என்றே அழைத்தார்கள். அதனால் அங்கே 2021 செப்டெம்பர் முதல் தயாரிக்கப்படும் வாகனங்களில், ஒன்றில் பகல்விளக்கோடு பின்விளக்கும் எரிய வேண்டும், அல்லது இருட்டில் எல்லா விளக்கும் தாமே எரிய வேண்டும், அதுவுமில்லையேல் மீற்றர்ப் பலகை இருட்டாகவே இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். மூன்றாவது வழியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஒஸ்ரின் ஏ40இன் இருட்டு மீற்றர் அறுபது எழுபது ஆண்டுகள் கழித்துச் சட்டமாகியிருக்கிறது. ஜப்பானிலும் 2020 ஏப்ரல் முதல் புதிய ரகக் கார்களில் இருள் கண்டு தாமே எரியும் முன்விளக்கு கட்டாயம். மருமகனின் கார் அதற்கு இரண்டு ஆண்டு மூத்தது.

எங்கள் மக்களுக்கு விளக்கோடு உள்ள உறவு விசித்திரமானது. 1990க்குப் பின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெயும் பஞ்சும் திரியும் வைத்துப் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர்கள், இரவில் வானத்துக்குப் பயந்து விளக்கில்லாமல் ஊர்ந்தன. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, மழையில், என் முன்னால் போன உழவு இயந்திரத்தின் விளக்கைச் சாக்கினால் மூடிக் கட்டியிருந்தார்கள். அதன் பெட்டியின் பின்பலகையில் ஒரு கையை வைத்தபடியேதான் நான் நடந்தேன். முன்னே போவது நிற்கிறதா, நகர்கிறதா என்று கை சொல்லும், கண் சொல்லாது. இருட்டில் முன்னால் நிற்பது தெரியாமல் போனால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பையன் சொன்னதும் அதைத்தானே.

தங்கை என்னைத் தனியே அழைத்தாள். "அண்ணை, அந்த மனிசனே தன்ர பிள்ளையிலதான் பிழை எண்டு சொல்லிப்போட்டார். நீங்கள் ஏன் தேவையில்லாமல்? ஒருதரும் கேக்கேல்லைத்தானே, பேசாமல் இருங்கோ" என்றாள். ஒருவரும் கேட்கவில்லை என்பது உண்மைதான். கேட்டால் மட்டும் உண்மை சொல்வது சாட்சிக்காரனின் இலக்கணம். கேளாமலே சொல்ல வேண்டியதைச் சொல்வதுதான் என் தொழில் என்று நாற்பது ஆண்டு மேடைகளில் பேசியிருக்கிறேன். அது எளிது; மற்றவர் வீட்டுக் கதைகளைப் பற்றிய பேச்சு அது. சொந்தத் தங்கையின் விறாந்தையில் நின்று செய்வது எளிதாக இருக்கவில்லை. நான் நாளைக்குப் பொலிசுக்குப் போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

காலையில் படலையடியில் மருமகன் நின்றான். "மாமா, நீங்கள் வரவேண்டாம். நானே சொல்லுறன்" என்றான். பிறகு, "இல்லை, நீங்களும் வாங்கோ" என்றான். இருவரும் போனோம். பின்விளக்கு எரியவில்லை என்று அவனே எழுதிக் கொடுத்தான். காப்புறுதிக்காரருக்கும் அதையே சொன்னான். பையனுக்கு வேலையில்லாமற்போன எட்டு வாரக் கூலியையும் மோட்டார் சைக்கிள் திருத்தச் செலவையும் காப்புறுதிக்குக் காத்திராமல் தன் கையிலிருந்து கொடுத்தான். தகப்பன் முதலில் வாங்க மறுத்தார். வாங்கியபோது அழுதார். பையனின் மணிக்கட்டு பொருந்திவிட்டது. ஆனால் நிறைந்த சீமெந்து வாளியை அந்தக் கையால் இன்னும் தூக்க முடிவதில்லை என்கிறான். தங்கை என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை. தைப்பொங்கலுக்குப் பொங்கல் மட்டும் வந்தது, பிள்ளை ஒன்றின் கையில்.

இதை வாசிப்பவர்களில் பலர் ரொறொன்ரோவிலும் ஒஸ்லோவிலும் இலண்டனிலும் இருப்பீர்கள். ஊருக்கு வந்து வாடகைக்குக் கார் எடுப்பீர்கள், அல்லது ஊரில் உள்ள தம்பிக்கு ஒன்று வாங்கப் பணம் அனுப்புவீர்கள். ஒரு சிறு வேண்டுகோள். விளக்குத் திருகியை 'ஓட்டோ'வில் விடுங்கள். யார் விரலைக் குவித்துக் காட்டினாலும் புன்னகையோடு தலையசைத்துவிட்டுப் போங்கள். மீற்றர்ப் பலகை ஒளிர்வதை நம்பாதீர்கள். இரண்டு சிறு விளக்குகள் ஒன்றுக்கொன்று முதுகு காட்டி நிற்பதுபோல ஒரு பச்சை அடையாளம் உண்டு. அது எரிந்தால்தான் பின்விளக்கு எரிகிறது என்று பொருள். வீதியோரம் நிறுத்தினால் நான்கு மூலையிலும் மினுங்கும் அபாய விளக்கைப் போடுங்கள்.

மருமகன் இப்போது மாலையில் எங்கு புறப்பட்டாலும், காரை உயிர்ப்பித்துவிட்டு இறங்கிப் பின்னால் ஒருமுறை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறான். திருகி 'ஓட்டோ'வில்தான் இருக்கிறது. பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் பார்க்கிறான். சென்ற வாரம் தங்கை விறாந்தையில் நின்று அதைக் கண்டுவிட்டு, "அண்ணை, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றாள்.