விருந்தும் மருந்தும்

'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால், என் வீட்டிற்கு வந்த மருந்து மூன்று நாளில் விடைபெறவில்லை. என் ஐம்பத்திரண்டாம் வயதில் வந்தது. நான்கு ஆண்டுகளாகியும் என் மேசையை விட்டு அகலாமல் குடியிருக்கிறது. நீரிழிவுக்கான மருந்து அது. அந்நோயை நம் மக்கள் 'இனிப்பு நீர்' என்று அழைப்பர். அப்பெயரின் பொருத்தத்தை நான் உணர்ந்தது அரசாங்க மருந்தகம் ஒன்றில்தான்.

அங்கிருந்த உணவியல் அலுவலர், என் மாணவியாக இருக்கத்தக்க வயதுடைய மலாய்ப் பெண். சோற்றைப் பாதியாகக் குறைத்துவிட்டேன், பலகாரங்களைத் தொடுவதே இல்லை என்று நான் பெருமிதத்தோடு கூறினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "செகு, உண்பதைச் சொன்னீர்கள், குடிப்பதைச் சொல்லவில்லையே!" என்று ஒரு வெள்ளைத் தாளை என் முன் வைத்தார். தேர்வுத் தாளின்முன் அமர்ந்த மாணவனைப்போல் எழுதத் தொடங்கினேன். காலையில் டின் பால் கலந்த காப்பி. ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலைத் தேநீர். பெற்றோர் எவரேனும் காணவந்தால் அவரோடு ஒன்று. பள்ளி முடிந்ததும் ஒட்டுக்கடையில் ஒரு தே தாரிக். மாலையில் பசியாறும்போது மீண்டும் காப்பி. ஆக ஐந்து குவளைகள். குவளைக்கு மூன்று தேக்கரண்டிச் சீனி எனக் கொண்டாலும், ஏறத்தாழ 75 கிராம்! நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்ணும் ஒருவர், சேர்க்கப்படும் சர்க்கரையை 50 கிராமுக்குள் நிறுத்த வேண்டும். 25 கிராமுக்குள் அடக்கினால் மேலும் நன்று என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நான் உண்ணாமல் விட்ட பலகாரங்களையெல்லாம் குடித்துக்கொண்டிருந்தேன் என்பது அன்றுதான் விளங்கிற்று.

இப்பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்த்தேன். என் தந்தையார் பால்மரம் வெட்டியவர். விடியற்காலைப் பெரட்டுக்குப் புறப்படுமுன், இனிப்பு மிகுந்த கறுப்புக் காப்பியைப் போத்தலில் நிரப்பிக்கொள்வார். நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டி, வாளி சுமந்து நடந்த உடலுக்கு அது எரிபொருள். அதே இனிப்பை நானும் கைக்கொண்டேன். ஆனால் மரங்களும் வாளியும் என்னிடம் இல்லை. அவருக்கு உழைப்புக்குத் துணையாக இருந்தது, எனக்கு நாற்காலிப் பழக்கமாகிவிட்டது.

அதன்பின், 'கிளைசீமிக் குறியீட்டெண்' என்னும் கருத்தைப் படித்தறிந்தேன். 1981ஆம் ஆண்டில் கனடாவின் டொரொன்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஜென்கின்சும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட முறை அது. மாவுச்சத்துள்ள ஓர் உணவு இரத்தத்தில் சர்க்கரையை எத்துணை விரைவாக உயர்த்துகிறது என்பதற்கு மதிப்பெண் இடுகிறது. குளுக்கோசுக்கு 100, 55 அல்லது அதற்குக் கீழே குறைவு, 56 முதல் 69 வரை நடுத்தரம், 70 அல்லது அதற்கு மேல் மிகுதி. ஆசிரியத் தொழிலில் ஊறிய எனக்கு மதிப்பெண் பட்டியலைக் காண்பதென்றால் தனி விருப்பம். ஆரஞ்சுப் பழச்சாற்றுக்கு ஏறத்தாழ 50 என்றிருந்தது. 'தேர்ச்சி பெற்றுவிட்டது!' என்று மகிழ்ந்து, ஒரு காலைப்பொழுதில் அரை லிட்டரை ஒரே மூச்சில் பருகினேன். ஒரு மணி நேரம் கழித்து விரல் நுனியில் குத்திப் பார்த்தபோது, கருவி 13 மில்லிமோலைத் தாண்டிக் காட்டியது.

பிழை பட்டியலில் இல்லை. நான் படித்த முறையில் இருந்தது. அவ்வெண் விரைவைக் கூறுமேயன்றி அளவைக் கூறாது. அளவையும் அறிய, எண்ணை உணவிலுள்ள மாவுச்சத்தின் கிராமால் பெருக்கி நூறால் வகுக்க வேண்டும். 250 மில்லிலிட்டர் ஆரஞ்சுச் சாற்றில் ஏறத்தாழ 24 கிராம் உண்டு. ஆகவே விடை 12. நான் குடித்ததோ இரு மடங்கு, ஆகவே 24. இக்கணக்கில் 10க்குள் இருப்பது குறைவு, 20ஐ எட்டினால் மிகுதி. மெதுவாகப் பெய்தாலும் நெடுநேரம் பெய்யும் மழை ஆற்றைக் கரைபுரளச் செய்யாதா? அதுபோன்றதே இதுவும். ஒரு பழத்தைச் சுளைசுளையாக உண்பவன் ஒன்றோடு நிறைவடைகிறான். சாறு பருகுபவனோ மூன்று நான்கு பழங்களை நொடியில் விழுங்கிவிடுகிறான்.

அன்று முதல், எந்தப் பானத்திடமும் இரண்டு கேள்விகள் கேட்கிறேன்: எவ்வளவு விரைவு? எவ்வளவு அளவு? வெந்நீரும், சீனியில்லாத் தேநீரும், வெறுங்காப்பியும் இக்கேள்விகளுக்கு அப்பாற்பட்டவை. அவற்றில் அளந்து பார்க்கும் அளவுக்கு மாவுச்சத்தே இல்லை. பசும்பாலின் எண் ஏறத்தாழ 30. ஆகவே, சீனி சேர்க்காமல் சிறிது பால் கலந்த தேநீரால் கேடில்லை. டின் பாலோ பாலென்னும் பெயரில் வரும் பாகு. அதன் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரையே. நீர் பெருக்கி, இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்ட மோர் நம் பாட்டிமார் விட்டுச்சென்ற செல்வம்; உப்பை மட்டும் குறைத்துக்கொள்ளலாம். இளநீர் இயற்கையானதே எனினும் ஒரு குவளையில் ஏறத்தாழ 10 கிராம் சர்க்கரை உண்டு. என்றேனும் ஒருநாள், ஒரு குவளையோடு நிறுத்திக்கொள்ளலாம். சுக்குமல்லிக் காப்பி நல்லதுதான், ஆனால் 'கருப்பட்டிதானே போட்டிருக்கிறோம்' என்னும் ஆறுதல் நல்லதன்று. கருப்பட்டியும் கூலா மலாக்காவும் தேனும் நிறத்தாலும் மணத்தாலும் வேறுபட்டாலும், குருதிக்குள் சென்றபின் சர்க்கரைதான்.

இவ்விதியில் ஒரு விலக்கும் உண்டு. அதையும் அனுபவித்தே கற்றேன். ஒருநாள் மாத்திரையை விழுங்கிவிட்டுப் பசியாறாமல் பள்ளிக்கு விரைந்தேன். காலைக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கையில் கை நடுங்கிற்று, வியர்த்தது, மாணவர் வரிசைகள் அலைபோல் அசைந்தன. சிற்றுண்டிச்சாலை அக்காள் ஓடிவந்து ஒரு குவளை சீராப் கொடுத்தார். சர்க்கரை தாழ்ந்து உடல் தள்ளாடும் அவ்வேளையில், வேகமாக ஏறும் இனிப்பே உயிர்காக்கும். மூன்று தேக்கரண்டிச் சீனியை நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதித்துப் பார்க்க வேண்டும். அன்று முதல் என் மேசையறையில் இனிப்புப் பானப் பொட்டலம் ஒன்று எப்போதும் இருக்கும். நாள்தோறும் நஞ்சாவது ஒருநாள் மருந்தாகிறது.

கணக்கைக் கற்றுவிட்டேன். ஆனால், கற்றதை ஒரு வீட்டின் திண்ணையில் என்னால் சொல்ல இயலவில்லை. அதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் தொடங்கினேன்.

நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் அடிக்கடி பள்ளிக்கு வரவில்லை. காரணம் அறிய ஒரு மாலை அவன் வீட்டிற்குச் சென்றேன். தாய் தொழிற்சாலையில் வேலை முடித்து அப்போதுதான் திரும்பியிருந்தார். வேண்டாமென்று நான் கூறுமுன்னரே அடுப்பு பற்றிவிட்டது. டின்னின் அடியைக் கரண்டி சுரண்டும் ஓசை என் செவியில் விழுந்தது. எஞ்சியிருந்த பால் முழுவதும் என் குவளைக்கே வந்துவிட்டது என்பதை அந்த ஓசையால் அறிந்தேன். எப்படி மறுப்பேன்? தலைமையாசிரியருக்கு எங்கள் வீட்டுத் தேநீர் ஆகவில்லை என்று அத்தாய் எண்ணிவிட்டால்? வாங்கிப் பாதியைப் பருகிவிட்டுத் தயங்கினேன்.

மூலையில் அமர்ந்திருந்த பாட்டி என்னை உற்று நோக்கினார். "வாத்தியாரய்யா, உங்களுக்கும் இனிப்பு நீரா?" என்று கேட்டார். ஆமென்று தலையசைத்தேன். அவர் கைலியைச் சற்றே விலக்கி, கட்டுப் போட்டிருந்த காலைக் காட்டினார். இரண்டு விரல்கள் இல்லை. "நானும் உங்களாட்டந்தான் ஐயா. யார் வீட்டுலயும் வேணாம்னு சொன்னதில்ல. கொடுக்கறவங்க மனசு நோகுமேன்னு குடிச்சிட்டே இருந்துட்டேன்" என்றார்.

பேரன் பள்ளிக்கு வராத காரணமும் புலப்பட்டது. தாய் வேலைக்குச் செல்லும் நாள்களில், புண்ணுக்கு மருந்திடப் பாட்டியைக் கைப்பிடித்து மருந்தகத்துக்கு அழைத்துச் செல்பவன் அவனே. ஒரு கிழவியின் தாட்சண்யத்துக்கு ஒரு பிள்ளையின் படிப்பும் விலையாகிக்கொண்டிருந்தது. நான் குவளையைக் கீழே வைத்தேன். "அம்மா, அடுத்த முறை வரும்போது எனக்குத் தே ஓ கோசோங் கொடுங்கள், பாட்டிக்கும் அதையே கொடுங்கள்" என்று தாயிடம் கூறினேன். அவர் முகம் வாடவில்லை. "முன்னாலேயே சொல்லியிருக்கலாமே, சார்!" என்றார். நான் அஞ்சிய அச்சமெல்லாம் என்னுடையதாகவே இருந்தது. மருந்தகத்துக்குச் செல்லும் நாள்களில் பாட்டியுடன் உறவினர் ஒருவர் செல்ல ஏற்பாடாயிற்று; பையனும் பள்ளிக்குத் திரும்பினான்.

திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரம் விருந்தோம்பல். தொண்ணூற்றைந்தாம் அதிகாரம் மருந்து. இரண்டையும் ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். ஆனால் இரண்டும் ஒரே குவளைக்குள் சந்திக்கும் என்பதைக் கற்பித்தோமா? 2023ஆம் ஆண்டின் தேசிய உடல்நல, நோய்நிலை ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டு. நம் இந்தியச் சமுதாயம் அதில் நெடுநாளாக முன்னிலையில் நிற்கிறது. பெருமைப்படத்தக்க முன்னிலையா அது? அரசாங்கம் 2019 ஜூலை முதல் நாள்தொட்டுச் சீனி மிகுந்த பானங்களுக்கு வரி விதிக்கிறது. அண்டை நாடான சிங்கப்பூரோ 2022 டிசம்பர் 30 முதல் பானங்களுக்கு 'ஏ' முதல் 'டி' வரை தரமிட்டு, சர்க்கரை மிகுந்தவற்றின் உறையில் அத்தரத்தை அச்சிடச் செய்திருக்கிறது. ஆனால், வீட்டுத் திண்ணையில் நீட்டப்படும் குவளைக்கு வரியுமில்லை, தரமுத்திரையுமில்லை. அங்கே பண்பாடு ஒன்றே காவல்.

என் அலுவலகத்தில் இப்போது ஒரு சிறு மாற்றம். வருகின்ற பெற்றோரிடம் "தேநீரா, காப்பியா?" என்பதோடு நிறுத்துவதில்லை, "சீனி போடலாமா?" என்றும் கேட்கிறோம். அந்த ஒரு கேள்வியால், வேண்டாமென்று சொல்லும் சங்கடம் விருந்தினரை விட்டு நீங்கிவிடுகிறது. முதல் வாரத்திலேயே மூவர், எத்தனையோ நாளாகச் சொல்லத் தயங்கியதைச் சொல்பவர்போல், "வேண்டாம் சார்" என்றனர்.

மாணவச் செல்வங்களே, வரும் தீபாவளிக்கு உங்கள் இல்லத்திற்கு உற்றாரும் உறவினரும் வருவர். குவளையை நீட்டுமுன் அந்தக் கேள்வியை நீங்கள் கேளுங்கள். அன்று வருபவர்களுள், கேட்க ஒருவர் இல்லாமையால் கால்விரல்களை இழந்த பாட்டி ஒருவரும் இருக்கக்கூடும்.