வில்லையும் விளிம்பும்

ஒன்றை நுணுகிக் காண்டலும், பலவற்றை ஒருங்கே காண்டலும் வெவ்வேறு ஆற்றல்களாம். இரண்டும் ஓரிடத்து அமைதல் அரிது. நுண்ணோக்கியின் வில்லைகளைப் பயிலுந்தோறும் இவ்வுண்மை எம் உள்ளத்தில் உறுதிப்பட்டு வருகின்றது. மாணவ நண்பர்களுக்கும் பயன்படுமென்று கருதி ஈண்டுச் சில கூறத் துணிகின்றோம்.

நுண்ணோக்கியின் பொருளருகு வில்லையிற் பொறித்துள்ள எண்களுள் இரண்டு சிறப்புடையன. 10, 100 என்பன உருப்பெருக்கத்தைக் காட்டும். 0.25, 1.25 என்பன எண்ணியல் துளையாம். பொருளின் ஒரு புள்ளியினின்று புறப்படும் ஒளியை எத்துணை அகன்ற கூம்பாக வில்லை ஏற்குமென்பதை அது குறிக்கும். கூம்பின் அரைக்கோணத்திற்குரிய சைன் மதிப்பை, இடைநின்ற ஊடகத்தின் ஒளிவிலகல் எண்ணாற் பெருக்க அது கிடைக்கும். செர்மனி நாட்டு யேனா நகரத்து அறிஞர் எர்ன்ஸ்ட் அபே, நுண்மை காண்டற்குரிய எல்லை இவ்வெண்ணைப் பொறுத்ததென்று 1873-இல் விளக்கினார். ஒளியின் அலைநீளத்தை இவ்வெண்ணின் இருமடங்கால் வகுக்க அவ்வெல்லை பெறப்படும். 550 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியில், 0.25 எண்ணுடைய வில்லைக்கு எல்லை 1,100 நானோமீட்டர். எண்ணெயிட்டு நோக்கும் 1.25 எண்ணுடைய வில்லைக்கு 220 நானோமீட்டர்.

ஆயின் நுண்மைக்கு விலையுண்டு. கண்ணருகு வில்லையின் புல எண் 20 ஆயின், பத்து மடங்கு பெருக்கும் பொருளருகு வில்லையில் 2 மில்லிமீட்டர் அகலம் தோன்றும். நூறு மடங்கு பெருக்குவதிலோ 0.2 மில்லிமீட்டரே தோன்றும். அச்சிறு புலமேனும் முற்றும் தெளிவாயிருத்தல் வேண்டாவோ?

இக்காலத்து வில்லை வகுப்போர், கதிர்களின் போக்கைக் கணிக்கும் மென்பொருளைத் துணைக்கொள்வர். கூம்பின் அகலம் யாது, கதிர்கள் எவ்வெப் புள்ளிகளினின்று புறப்படுவன என்னும் இரண்டையும் அதற்கு முதற்கண் அறிவித்தல் வேண்டும். அப்புள்ளிகளே புலப்புள்ளிகள். நடுப்புள்ளி, விளிம்புப்புள்ளி, நடுவினின்று 0.7 பங்கு தொலைவிலுள்ள புள்ளி ஆகிய மூன்றையும் கொள்ளுதல் பெருவழக்கு. 0.7 பங்கு ஆரமுடைய வட்டம் முழுப்புலத்தின் பரப்பில் ஏறத்தாழப் பாதியை அடக்குமாதலின் இவ்வழக்கம் பொருத்தமுடைத்து.

இரு வில்லைகளை ஒட்டிய கூட்டுவில்லை ஒன்றை யாம் இங்ஙனம் ஆராய்ந்தோம். துளை 0.1 ஆக, நடுப்புள்ளியின் கதிர்கள் இனிது குவிந்தன. விளிம்புப்புள்ளியைச் சேர்த்தபோது அதன் உரு நீண்டு சிதறிற்று. துளையை 0.2 ஆக்கியபோது நடுப்புள்ளியின் உருவும் பரந்தது. மென்பொருள் வினவிய புள்ளிக்கே விடை தரும். வினவாத புள்ளியைப்பற்றி வாய்திறவாது. எதனை வினவுவதென்று தேர்தல் மனிதன் கடமையாகவே நிற்கின்றது.

இது வெறுங் கணக்கன்று. மலேரியாக் காய்ச்சலை ஆராய்வோர், குருதிப் படலத்தில் நூறு புலங்களுக்குக் குறையாமல் நோக்கிய பின்னரே கிருமி இல்லை என்பர். வில்லை பாதி ஆரம்வரை மட்டுமே தெளிவாயின், தெளிந்த பரப்பு முழுமையில் காற்பங்கேயாம். நூறு புலம் நோக்கியவர் செவ்வனே கண்டது இருபத்தைந்து புலத்தளவே. எஞ்சிய பரப்பிற் கிருமி இருப்பின், நோயாளி நலமுடையான் என்று வீட்டிற்கு அனுப்பப்படுவான்.

ஆதலின் கருவியைத் தேர்வோர் நடுவின் தெளிவு கண்டு மகிழ்ந்தமையாது, விளிம்பையும் பொறுமையுடன் நோக்குவாராக.